போயிட்டு வந்துட்டேன் சார்

எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் போன மாதம் புது சி.டி. மிஷின் வந்திருக்கிறது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் பெண்மணி உட்கார்ந்துகொண்டு தமிழ் பேசுகிறாளாம். "மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி வைக்கவும்" என்று அவள் சொன்னதும், மேசையில் படுத்திருந்த எங்கள் பெருநகர் கிராமத்துக்காரர் ஒருவர் தலையைத் தூக்கி, "நியூஸு எப்பம்மா முடியும்?" என்று கேட்டிருக்கிறார். படம் ஆடிப்போய்விட்டது.

இதை எனக்குப் போனில் சொன்னது செல்வி. பத்து வருடம் என்னோடு ரேடியோகிராபராக வேலை பார்த்த பெண். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அண்ணே, நீங்களே ஒருநாள் வந்து பழைய மாதிரி பேசிக் குடுத்துட்டுப் போங்க. அந்தம்மா பேச்சு யாருக்கும் ஏற மாட்டேங்குது. இன்னொரு விசயம். நீங்க இன்னாத்துக்கு வேலைய வுட்டீங்கன்னு புதுசா வந்தவங்க கேக்கறாங்க. ஆளுக்கொரு கத சொல்லிக்கினு கீறாங்க. நம்ம சங்கத்து மலருக்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

ஆளுக்கொரு கதை என்று அவள் சொன்னது உண்மைதான். டாக்டரோடு சண்டை என்று ஒரு கட்சி. முதுகுவலி என்று இன்னொன்று. "அவரு எங்க வுட்டாரு? அனுப்பிட்டாங்க" என்பது என் மனைவியின் கட்சி. அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐம்பத்தாறு வயதில், உடம்பில் பெரிதாக ஒரு கோளாறும் இல்லாத என்னை, என் டாக்டரே கையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார். எட்டு மாதம் ஆகிறது.

சென்னையில் இரண்டு வருடம் டிப்ளமோ படித்தேன். இருட்டறையில் ஃபிலிம் கழுவினேன். ஈயக் கோட்டு மாட்டிக்கொண்டு வேர்த்தேன். அதன் பிறகு உத்திரமேரூருக்கு வந்தவன் இருபத்தேழு வருடம் அசையவில்லை. எக்ஸ்ரேயும், பிற்பாடு வந்த சி.டி.யும் என் பொறுப்பு. வயிற்று அல்ட்ராசவுண்டை டாக்டரம்மாதான் பார்ப்பார். அதில் எங்களுக்குக் கை வைக்க உரிமை இல்லை. ஆனால் அந்த அறைக் கதவுக்கு வெளியே நடக்கிற அத்தனைக்கும் நான்தான் ராஜா. அங்கே எனக்கு வேலை, தண்ணீர் கொடுப்பது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடிவயிற்றைப் பார்க்க வேண்டுமானால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை திரையில் கறுப்பாக, ஜன்னல் திறந்தது போலத் தெரியும். அதன் வழியாகப் பின்னால் இருப்பதையெல்லாம் பார்க்கலாம். காலிப் பையோடு உள்ளே போனால் டாக்டருக்குக் குடலும் காற்றும்தான் தெரியும். அதனால் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம், ஆறு டம்ளர், ஒரு நீள பெஞ்சு. குடித்துவிட்டு உட்கார வேண்டும். முட்டும்போது சொல்ல வேண்டும்.

யாரும் உண்மையாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டு டம்ளர் குடித்தவர் "ரொம்பிப்போச்சு சார், தாங்கல" என்பார், வரிசையில் முந்த. அதனால் வாயைக் கேட்பதை நான் முதல் வருடத்திலேயே விட்டுவிட்டேன். ஆளைப் பார்ப்பேன். சத்தமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் கால் பை. பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்தால் முக்கால். காலண்டரில் இருக்கிற முருகனிடம் உதடு அசைய ஆரம்பித்தால் உடனே உள்ளே அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் பெஞ்சைக் கழுவ வேண்டியிருக்கும்.

பார்த்து முடித்ததும், சிறுநீர்த் தொந்தரவு உள்ளவர்களை டாக்டரம்மா ஒரு தடவை போய்விட்டு வரச் சொல்வார். வந்ததும் இன்னொரு முறை பார்ப்பார். மிச்சம் எவ்வளவு நிற்கிறது, பை நிறைந்ததால் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அது இப்போது வடிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். இங்கேயும் பொய்தான். கழிவறை வாசலில் நான்கு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பி, "போயிட்டு வந்துட்டேன் சார்" என்பார்கள். எங்கள் கழிவறைத் தரை எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை. நிஜமாகப் போனவரின் செருப்பு வராந்தாவில் ஈரத் தடம் போடும். நான் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பேன்.

"இன்னா சார், போலீஸ்காரன் மாதிரி கீய பாக்கற?"

"தடம் இல்லியே. பறந்து போயிட்டு வந்தியா? போ, நெஜமா போயிட்டு வா."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். இந்தப் பெருமையில்தான் நான் இருபத்தேழு வருடம் வாழ்ந்தேன்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்காரர். அதிகம் பேச மாட்டார். ஜெல்லைத் தடவும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி: "எந்த ஊரு?" மாகறல் என்பார்கள், தென்னேரி என்பார்கள். "ம்" என்பார். அத்தோடு முடிந்தது. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கும்போது திரும்பவும் "எந்த ஊருன்னு சொன்னீங்க?" என்று கேட்டால், திரையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நிதானமாக இன்னொரு சுற்றுப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும், நோயாளி பயந்துவிடவும் கூடாது. அவருக்கே இந்தப் பழக்கம் இருப்பது தெரியாது. நாங்கள் அவரிடம் சொன்னதில்லை. இரண்டாவது "எந்த ஊரு" காதில் விழுந்தால், செல்வி சத்தமில்லாமல் போய் அந்த நோயாளியின் வீட்டு ஆளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைப்பாள்.

தென்னேரியிலிருந்து வந்த ஒரு பெரியவரை மறக்க முடியாது. ஆறு ஏக்கர் பயிர் வைப்பவர். அடிவயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு மேடு. கட்டி என்று யாரோ சொல்லிவிட, மகள்கள் மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா பார்த்தார். "போயிட்டு வரச் சொல்லுங்க" என்றார். போனார், வந்தார், அப்படியே கறுப்பாக நின்றது. இரண்டாம் முறை அனுப்பினோம். அப்போதும் அப்படியே. நான் தரையைப் பார்த்தேன். தடம் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெரியவரே, உள்ள போய் தாப்பாள எண்ணிக்கினு நின்னீங்களா?"

"சத்தியமா போனேன் சாமி" என்று அவர் கைகூப்பினார்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் பொய் சொல்லலை. போனார். அதுதான் வரலை. புராஸ்டேட் அடைச்சிருக்கு. டியூப் போட ஏற்பாடு பண்ணுங்க."

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் ஒன்றரை லிட்டருக்கு மேல் இறங்கியது. கட்டி காணாமல் போனது. மகள்கள் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். நான் இந்தக் கதையை எத்தனையோ கல்யாண வீட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. கைதட்டல் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

சி.டி. மிஷின் குரல் கதையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பழைய மிஷின் வந்தபோது அது இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. படுத்திருந்த ஒரு அம்மா, "இன்னாபா உறுமுது இது?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மைக் வைத்து நாமே பதிந்துகொள்ளலாம் என்று கம்பெனி இன்ஜினியர் சொன்னார். நான் பேசினேன். "மூச்ச நல்லா இழு... அப்படியே புடி... வுடாத, வுடாத... ம், இப்ப வுடு." நடுவில் தெருவில் போன பஸ்ஸின் ஹாரனும் பதிந்துபோனது. திரும்பப் பதிய இன்ஜினியருக்குப் பொறுமையில்லை. அதனால் பன்னிரண்டு வருடமும் எங்கள் மிஷினில் மூச்சைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டார்கள். என் மகள் யமுனா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த குட்டிப்பெண். அதைக் கேட்டுவிட்டு, "மிஷின்ல கூட மெரட்டிக்கினு கீறியேப்பா" என்றாள்.

அந்த யமுனாவைப் பற்றித்தான் இனி.

போன வருடம் அவளுக்குப் பத்தொன்பது. காஞ்சிபுரத்தில் காலேஜ். காலையில் பெருநகரில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். காலேஜ் கழிவறை சரியில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், போகாமல், அடக்கிக்கொண்டே இருக்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நான் தினமும் திட்டுவேன். அவள் தினமும் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வலப்பக்கம் வலிக்கிறது என்றாள். ஒரு தடவை வாந்தியும் எடுத்தாள். கல்லாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். வெயில் காலத்தில் எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் கல்காரர்கள்தான். என் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்குப் பெஞ்சு நிறைந்திருந்தது. சொந்தக்காரன், தெரிந்தவன் என்று யாரையும் வரிசையில் முந்த விடாதவன் நான். அது ஊருக்கே தெரியும். மகளுக்காக அதை உடைத்து, "ரெண்டே நிமிசம்" என்று பெஞ்சிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே அனுப்பினேன். மாகறலிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "பரவால்ல சார், பொண்ணு மொகம் வாடிப்போய்க் கீது" என்றார்.

டாக்டரம்மா வேகமாகப் பார்த்தார். "வலது கிட்னி லேசா வீங்கியிருக்கு. கல் எதுவும் தெரியலை. பிளாடர் நல்லா ஃபுல்லா இருக்கு. போயிட்டு வரட்டும், வீக்கம் வடியுதான்னு இன்னொரு தரம் பார்த்துடலாம்." சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் யமுனா என்னிடம் சொன்னாள்: "ப்பா, நான் வூட்ல கெளம்பறப்பதான் போயிட்டு வந்தேன். தண்ணி கூட குடிக்கல. எப்டிப்பா ஃபுல்லா இருக்கும்?"

நான் சிரித்தேன். இருபத்தேழு வருடமாகச் சிரித்த அதே சிரிப்பு. "இங்க வர்ற எல்லாரும் இதத்தான்மா சொல்றாங்க. திரை பொய் சொல்லாது. காலேஜுல அடக்கிக்கினே கீற, அதான் கிட்னி வீங்கிக்கீது."

"நெஜமாப்பா."

"சரி சரி. போய்ட்டு, வூட்டுக்குக் கெளம்பு. நல்லா தண்ணி குடி. மாத்திரை எழுதித் தருவாங்க, நான் வாங்கியாறேன்."

இரண்டாவது முறை பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், பெஞ்சில் பதினைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்காக ஒரு தடவை வரிசையை உடைத்தாயிற்று. இரண்டாம் தடவை உடைக்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. எல்லோரையும் திருப்பி அனுப்பி, தடம் பார்த்து, மறுபடி உள்ளே தள்ளியவன், தன் பெண்ணை மட்டும் பஸ் ஏற்றி விட்டேன். மத்தியானம் டாக்டரம்மா, "யமுனாவை இன்னொரு தரம் பார்க்கலையே?" என்று கேட்டபோது, "வலி நின்னுடுச்சி மேடம், வீட்டுக்குப் போயிட்டா" என்றேன். அப்போது நின்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் அடுக்களைத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஆட்டோவில் வழியெல்லாம் வாந்தி. என் மனைவி முந்தானையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். "போயிட்டு வரச் சொல்லுங்க" என்றார். செல்வியும் என் மனைவியும் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது, பழக்கதோஷம், என் கண் தரைக்குப் போனது. மூன்று பேரின் ஈரத் தடம்.

மறுபடி ஜெல். திரையில் அந்தக் கறுப்பு அப்படியே நின்றது. அதற்குக் கீழே, சுருங்கிப்போய், இன்னொரு சின்னக் கறுப்பு. அதுதான் மூத்திரப்பை. மேலே இருந்தது வேறு எதுவோ.

டாக்டரம்மா கருவியை மெதுவாக நகர்த்தினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "எந்த ஊரும்மா நீ?"

யமுனாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேடம், எங்க வூட்டுக்கு வந்து நோம்புக் கொழுக்கட்டை சாப்ட்டீங்களே!"

"ஆமாம்ல" என்றார் டாக்டரம்மா.

செல்வி சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டாள். அதில் நான் எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறேன். அதன் ஒரு கால் ஆடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சினைப்பையிலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி. முறுக்கிக்கொண்டிருக்கலாம். சிறுநீர்க் குழாயையும் அழுத்துகிறது, சிறுநீரகம் வீங்கியது அதனால்தான். காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு உடனே போன் போட்டார். "ஒரு சி.டி. எடுத்துட்டு அனுப்பறேன், எங்கேர்ந்து கிளம்புது, எதை அழுத்துதுன்னு தெளிவா இருக்கும். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிச்சுடுவோம்."

நான் எழுந்து சி.டி. அறைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கை தானாகப் படிவத்தை எடுத்தது. பெண்களிடம் முதலில் கேட்க வேண்டியது: கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய், கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? எத்தனை பெண்களிடம் முகம் பார்க்காமல் படபடவென்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

செல்வி படிவத்தை என் கையிலிருந்து உருவினாள். "நான் கேட்டுக்கறேன், அண்ணே."

வாசலில் நின்ற டாக்டரம்மா, "இன்னிக்கு நீங்க ஸ்டாஃப் இல்லை, பேஷண்டோட அப்பா. வெளியே நில்லுங்க" என்றார்.

வெளியே நின்றேன். பெஞ்சிலிருந்த ஒரு ஆள், "இன்னா சார், நீ கூடவா வெளிய நிக்கிற?" என்றார் விளையாட்டாக. பக்கத்திலிருந்தவர் அவர் தொடையைத் தட்டினார். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து என் குரல் கேட்டது.

"மூச்ச நல்லா இழு... அப்படியே புடி..."

இழுத்தேன். பிடித்தேன்.

"வுடாத, வுடாத..."

எவ்வளவு முரட்டுக் குரல். யாரோ வயலில் மேய்கிற மாட்டைத் துரத்துகிற மாதிரி. அந்த பஸ் ஹாரன் வந்தது. படம் தெளிவாக விழ ஊசியில் போடுகிற மருந்து ஏறி அவளுக்கு உடம்பெல்லாம் சூடாகியிருக்கும், கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வலியோடு படுத்திருப்பாள். அவளுக்கு நான் சொல்கிற ஆறுதல் இதுதானா என்று இருந்தது.

"ம், இப்ப வுடு."

மூன்று முறை பிடித்து, மூன்று முறை விட்டேன். வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது ஸ்ட்ரெச்சரிலிருந்தபடி அவள், "ப்பா, உன் பஸ்ஸு போயிடுச்சி" என்றாள்.

மத்தியானத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. கட்டியோடு ஒரு பக்கத்துச் சினைப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. முறுக்கிக் கறுத்துப்போயிருந்ததாம். இன்னொன்று நன்றாக இருக்கிறது. பரிசோதனைக்குப் போன கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அந்தப் பத்து நாளில் நான் எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். "திங்கட்கிழமையே வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாமா சார்?" அவர் நல்ல மனிதர். "உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றார். எந்தப் பக்கமும் சாயாத அந்தப் பதிலோடுதான் நான் இப்போது வாழ்கிறேன். யமுனாவிடம் அழுதபோது, "ஒண்ணு கீதில்லப்பா, போதும் வுடு" என்றாள். என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பினேன். அங்கேதான் வம்பு. யாரைப் பார்த்தாலும் ஒரு தடவை போதாது என்று தோன்றியது. இரண்டு தடவை, மூன்று தடவை அனுப்பினேன். வந்தவரிடம், "நெஜமா போனீங்களா? நெஜமா? அப்பறம் ஏன் இன்னும் ரொம்பிக் கீது? மேடம், இன்னொரு தரம் பாருங்க" என்று டாக்டரம்மாவைப் பிடுங்கினேன். பல் வலிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தவரையும் ஒருநாள் போய்விட்டு வரச் சொன்னேனாம். மாகறல்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "இன்னா நைனா, உங்க கக்கூஸுக்கு மாச பாஸு எதனா குடுக்கறீங்களா?"

பெஞ்சு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா அன்று மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க எல்லாரையும் யமுனாவா பார்க்கறீங்க. என் லிஸ்ட் சாயங்காலம் ஆனாலும் முடியலை. வீட்டுக்குப் போங்க. திங்கட்கிழமை நானும்தான் ஒரு பார்வையில ஃபுல் பிளாடர்னு சொன்னேன். அதை நான் பார்த்துக்கறேன்."

செல்வி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். புதிதாக வந்தவர்களிடம் மிஷினைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பெஞ்சைப் பற்றி ஒன்று. திரையில் நிறைந்திருக்கிறது, ஆள் போய்விட்டு வந்தேன் என்கிறார் என்றால், ஆள் பொய் சொல்கிறார் என்பது ஒரு வாய்ப்புத்தான். அவர் சொல்வது உண்மையானால் அந்தக் கறுப்பு என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுங்கள். நான் சிரித்துவிட்டேன். குரல் பதிய அடுத்த வாரம் வருகிறேன். இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறேன். தெருப்பக்க ஜன்னலை மூடி வை.

யமுனா மறுபடி காலேஜ் போகிறாள். தினமும் காலையில் அவளை பஸ் ஸ்டாப்பில் விடுவது இப்போது என் உத்தியோகம். பைக்கை நிறுத்தியதும் கேட்பேன்.

"போயிட்டியா?"

"போயிட்டேன்."

அதற்கு மேல் கேட்பதில்லை என்று எனக்கு நானே விதித்திருக்கிறேன். "சரிம்மா" என்பேன். ஆனால் என் கண் இருக்கிறதே, அது அவள் செருப்பைத் தாண்டித் தரைக்குப் போய்விடும். அவளுக்கு அது தெரியும். நேற்று பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, பெருநகர் ஸ்டாப் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"நெஜமா போயிட்டேன்ப்பா! நம்பு!"

டீக்கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி, நம்பிவிட்டேன் என்று காட்டினேன்.